மனுவில் எழுதாதது: ஒரு நாவலை நாங்கள் சேர்ந்து வாசித்த வரலாறு



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமையைப் பேசுவது வழக்கம். ஐயாவின் பெருமைகளை முன்னால் பேசிய தோழர்கள் நிறைவாகச் சொல்லிவிட்டார்கள். இரவுப்பள்ளி, படிப்பகம், பஞ்சமி நிலத்துக்காக அவர் ஏறி இறங்கிய தாலுகா அலுவலகங்கள், எல்லாம் வந்துவிட்டது. நாங்கள் பேசப்போவது அவரோடு நாங்கள் போட்ட ஒரு சண்டையைப் பற்றி. சண்டைக்குக் காரணம் ஒரு நாவல். நாங்கள் என்றால், திண்டிவனத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை மாடியில் நடந்த வாசிப்பு வட்டத்தில் மிஞ்சியிருக்கும் ஏழெட்டுப் பேர். எழுதியது ஒரு கை என்றாலும் நினைவுகள் எல்லோருடையவை.

முதலில் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். கூட்டமாக உட்கார்ந்து வாசிப்பது ஏதோ புதிதாக வந்த பழக்கம் என்று மாணவத் தோழர்கள் சிலர் நினைக்கிறார்கள். நமக்கு அது பழைய பழக்கம். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907 ஜூனில் அயோத்திதாசர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். எழுத்தறிந்தவர்கள் சேரிக்கு ஒருவர் இருவர் இருந்த காலம். ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டால்தான் அந்தக் காசுக்குப் பொருள் உண்டு. 'தமிழன்' இதழில் வாசகர்கள் கேள்வி கேட்பார்கள், அயோத்திதாசர் விடை எழுதுவார். கோலார் தங்கவயலிலிருந்தும் கடல் கடந்து போன கூலிகளிடமிருந்தும் கேள்விகள் வந்தன. அவருடைய எழுத்துகளைப் பின்னால் நூல்களாக்கிக் காத்ததும் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலைதான். சுரங்கத்தில் இறங்கி ஏறிய கைகள் காத்துக் கொடுத்த நூல்கள் அவை. பல்கலைக்கழகங்கள் அயோத்திதாசரைக் 'கண்டுபிடித்தது' அதற்கு ரொம்பப் பின்னால்.

அந்தக் காலத்து வாசிப்பில் எதைப் படித்தார்கள்? வரலாறு, பௌத்தம், அரசாங்கத்துக்குப் போட்ட விண்ணப்பங்கள், வந்த பதில்கள். தன் வாழ்க்கையை ஒருவர் எழுதி அதைப் பலர் கேட்பது என்பது பிறகு வந்தது. சீனிவாசனின் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' 1939-இல் வெளியானது. தலித் தன்வரலாறு 1992-இல்தான் தமிழில் தொடங்கியது என்று இன்னும் பாடம் நடத்துகிறவர்கள் இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அது ஒரு தலைவரின் பொதுவாழ்வுக் கணக்கு. மாநாடு, மனு, இலண்டன் வட்டமேசை என்று போகும். வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதற்கு அங்கே இடமில்லை. இருக்கவேண்டும் என்று அன்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தது 1989-இல், சிவகாமியின் 'பழையன கழிதலும்' வழியாக. நன்னூல் சூத்திரத்திலிருந்து எடுத்த தலைப்பு. புதியதைப் பற்றிய மறுபாதியை மட்டும் அவர் தலைப்பில் விட்டுவிட்டார். ஐயா இதைக் கவனித்து முதல் நாளே சொன்னார். "பாதி சூத்திரத்தைத்தான் எழுதியிருக்காங்க, மீதியை நம்ம தலையில கட்டியிருக்காங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அடுத்த வாரம் வரைக்கும் நிலைக்கவில்லை.

கதையைப் படிக்காத மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். காத்தமுத்து ஒரு தலித் தலைவர். வாய் சாமர்த்தியம் உள்ளவர், அதிகாரிகளை எப்படிப் பேசவைப்பது என்று தெரிந்தவர். இரண்டு மனைவிகள். மகள் கௌரி படிக்கிறவள், அப்பாவை வெறுக்கவும் முடியாமல் மதிக்கவும் முடியாமல் பார்த்துக்கொண்டே இருப்பவள். ஒரு நாள் தங்கம் என்ற கைம்பெண் உடம்பெல்லாம் அடிபட்டு அந்த வீட்டு வாசலுக்கு வருகிறாள். பரஞ்சோதி உடையார் என்ற நிலக்காரருக்கும் அவளுக்கும் இருந்த உறவுக்காக அவருடைய சாதிக்காரர்கள் அடித்திருக்கிறார்கள். காத்தமுத்து மனு எழுதுகிறார், போலீசிடம் போகிறார், வழக்கை நடத்துகிறார். கடைசியில் தங்கம் அந்த வீட்டிலேயே இன்னொரு மனைவியைப் போலத் தங்கிப்போகிறாள்.

சிவகாமி பெரம்பலூர்க்காரர். அவருடைய தந்தை சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். அவரே இந்திய ஆட்சிப் பணியில் இருந்தபோது எழுதிய நாவல் இது. ஆக, கௌரி யார், காத்தமுத்து யார் என்று கேட்காத வாசகர் குறைவு. நாவல் வந்ததும் நம் பக்கத்திலிருந்தே கேள்வி கிளம்பியது. நம் இயக்கம் இப்போதுதான் எழுந்து நிற்கிறது. இந்த நேரத்தில் ஒரு தலித் தலைவனைப் பெண் விஷயத்தில் கெட்டவனாகவும் பணத்தில் கை நனைப்பவனாகவும் காட்டலாமா? காட்டுவது ஒரு தலித் பெண்ணாகவே இருக்கலாமா?

நாங்கள் இதைப் படித்தது பத்து வருடம் கழித்து, 1999-இல். எங்களில் பெரும்பாலோர் அப்போது கல்லூரியில் முதலாண்டு இரண்டாமாண்டு. ஒரே ஒரு பிரதி. ஆளுக்குப் பத்துப் பக்கம் சத்தமாகப் படிப்போம். படிக்கத் தெரியாத அம்மாக்கள் சிலரும் வந்து உட்காருவார்கள். ஐயா அதை வற்புறுத்தினார். அது அவருடைய அயோத்திதாசர் முறை.

காத்தமுத்துவின் நடத்தை வெளுக்கத் தொடங்கிய பகுதியில் ஐயா கையை உயர்த்திப் படிப்பை நிறுத்தினார். "எதிரிக்கு நாமளே கத்திய தீட்டிக் குடுக்கறோம். இதைப் படிச்சிட்டு ஊர்க்காரன் என்ன சொல்வான்? பாருங்கடா, அவங்க ஆளே சொல்லிட்டாங்கன்னு சொல்வான்" என்றார். எங்களில் ஒருவர், "ஊர்க்காரன் சொல்றதுக்காக நம்ம பொம்பளைங்க வாயை மூடிக்கணுமா ஐயா?" என்று கேட்டார். கேட்டது பெண் அல்ல, ஆண் என்பதையும் பதிவுசெய்கிறோம். பெண்கள் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. ஐயா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போய்விட்டார்.

அவர் சொன்னதை அப்படியே தள்ளிவிட முடியாது. இப்படிக் கோபப்பட்டவர் அவர் ஒருவர் மட்டுமில்லை. மராத்தியில் 1978-இல் தயா பவார் 'பலுத்த' எழுதியபோதும் குப்பையைத் தெருவில் கொட்டுகிறார் என்ற பேச்சு நம்மவர்களிடமிருந்தே வந்தது. பவார் அந்த நூலில் தன்னையே இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார். படித்து வேலைக்குப் போன தயா பவாருக்கு, தக்டு மாருதி பவார் என்ற பழைய ஆள் தன் கதையைச் சொல்கிறான். 1992-இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. துறவு மடத்தை விட்டு வெளியே வந்த பிறகு எழுதிய நூல். பாமா என்பதே புனைபெயர். அப்படியும் சொந்த ஊரில் கோபம் வெடித்தது. ஊரை இழிவாக எழுதிவிட்டாள் என்று ஏழு மாதம் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. பின்னால் அதே 'கருக்கு' லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் உலகெல்லாம் போனது, பாடப்புத்தகம் ஆனது. விருது வாங்கிய மேடைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த ஏழு மாதத்தை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நம்மைப் பொறுத்தவரை தலித் இலக்கிய விமர்சனத்தின் முதல் கூட்டம் அங்கேதான் நடந்தது, கசப்பாக.

பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன் பத்து வருடம் கழித்து, 2002-இல், 'சிலுவைராஜ் சரித்திரம்' எழுதினார். அதே புதுப்பட்டி, அதே தெரு, அதே வீடு. தங்கை 'நான்' என்று எழுதினார். அண்ணன் 'அவன்' என்று எழுதினார். தங்கையின் நூலில் காயம் காயமாகவே இருக்கிறது. அண்ணனின் நூலில் சிலுவைராஜ் எந்த அவமானத்துக்கு நடுவிலும் தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்கிறான். கிறிஸ்தவத் தலித்தாகப் பிறந்தவன் சாதிச் சான்றிதழுக்காக மதம் மாறவேண்டி வருகிற இடத்தை அவர் எழுதியிருப்பதைப் படித்துச் சிரித்துவிட்டு, பிறகு 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையை எடுத்துப் படித்துப் பாருங்கள். அந்த ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தது. கிறிஸ்தவரை இன்றுவரை சேர்க்கவில்லை. 'நாவல்' என்று அட்டையில் போட்டதால் அந்தப் பக்கங்கள் பொய்யாகிவிடவில்லை. ஒரே வீட்டின் இரண்டு நூல்களையும் அடுத்தடுத்து வாசித்தால், தன்வரலாற்றுக்கும் நாவலுக்கும் நடுவில் நாம் போடும் கோடு எவ்வளவு மெல்லியது என்று தெரியும். ஆய்வேடு எழுதும் மாணவர்கள் இதைச் செய்துபார்க்கலாம். நாங்கள் செய்தோம், அது வேறு கதை.

மாடிக்குத் திரும்புகிறோம். ஐயா எழுந்துபோன பிறகு படிப்பைத் தொடர்வதா வேண்டாமா என்று குழப்பம். அரிசி ஆலையில் வேலை பார்த்த ஒரு பெரியம்மா, எங்கள் தோழர் ஒருவரின் தாய், "நிறுத்தாத கண்ணு, படி" என்றார். படித்தோம். முடித்ததும் அவர் கேட்டார்: "அந்தத் தங்கம் சொன்னது ஒண்ணு, அந்த ஆளு மனுவுல எழுதுனது ஒண்ணா? அவ சொன்னத யாரு எழுதுனா?"

நாங்கள் விழித்தோம். காத்தமுத்து நல்லவரா கெட்டவரா, கௌரி செய்தது சரியா, ஆசிரியர் நம் பக்கமா என்றெல்லாம் மூன்று வாரமாகச் சண்டை போட்டவர்கள் நாங்கள். நாவலில் மனு எழுதப்படுகிற இடத்தை ஏதோ கதை நகர்வு என்று தாண்டியிருந்தோம். மறுபடி பக்கத்தைப் புரட்டிப் படித்தோம். தங்கத்தின் வாழ்க்கை மனுவில் அப்படியே ஏறவில்லை. உடையாரோடு இருந்த உறவு, அதில் அவளுக்கு இருந்ததும் இல்லாததுமான விருப்பம், சொத்துத் தகராறு, இதெல்லாம் சட்டத்தின் காதில் ஏறாது. சாதிக்காரர்கள் ஒரு தலித் பெண்ணை அடித்தார்கள் என்பது மட்டும்தான் ஏறும். காத்தமுத்து ஏறக்கூடியதை எழுதினார். அவர் செய்தது ஏமாற்று வேலையா? அந்தக் காலத்துச் சட்டத்தில் வேறு வழி இருந்ததா?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1989-இல்தான், செப்டம்பரில். நடைமுறைக்கு வந்தது 1990 ஜனவரி கடைசியில். அதற்கு முன்னால் இருந்தது 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976-இல் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. கிணறு, கோயில், தேநீர்க்கடை, பொதுப்பாதை என்று அதில் தீண்டாமை நடக்கும் இடங்கள் வரிசையாக இருக்கும். ஒரு பெண்ணின் உடம்பு அந்த வரிசையில் இல்லை. ஆகவே மனு எழுதுகிறவர் அவளை அந்த வரிசைக்குள் ஏதாவது ஓர் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். பெரியம்மா கேட்டது இந்தச் சட்டச் சிக்கலைத்தான். அவருக்குச் சட்டத்தின் பெயர் தெரியாது, அவ்வளவுதான். (மனு என்ற சொல்லே நமக்கு எதிராகவும் நம் கையிலும் ஒரே எழுத்தில் இருப்பதைப் பற்றி அன்று ஒரு தோழர் பகடி செய்தார். ரொம்ப நேரம் சிரித்தோம்.)

பெரியம்மாவின் கேள்வி யார் மூலமாகவோ ஐயா காதுக்குப் போய்விட்டது. அடுத்த ஞாயிறு அவர் வந்தார். கையில் பழைய ரெக்சின் பை. அதற்குள் கார்பன் பிரதிகள். இருபது வருடத்துக்கு மேல் அவர் ஊர் ஊராகப் போய் எழுதிக்கொடுத்த மனுக்கள். ஒன்றை எடுத்து அவரே படித்தார். 1984-ஆம் ஆண்டு மனு. அறுவடைக் கூலி கேட்ட பெண்ணைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டி அடித்ததாக எழுதியிருந்தது. நல்ல மனு. தேதி, நேரம், சாட்சி, எல்லாம் ஒழுங்காக இருந்தது. படித்து முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தப் பொண்ணு எங்கிட்ட சொன்னது இது இல்ல" என்றார். "நிலக்காரன் மகன் களத்துமேட்டுல என்ன பண்ணான்னு சொல்லுச்சு. அவ அண்ணன்காரனுங்க ரெண்டு பேரும் எதிர்லயே நின்னாங்க. ஐயா, கல்யாணம் ஆகாத பொண்ணு, அதை எழுதிடாதீங்கன்னாங்க. நானும் எழுதல. கூலின்னு எழுதுனேன்."

பெரியம்மா கேட்டார்: "அது பாத்துக்கினு இருந்துச்சா?"

"இருந்துச்சு. படிச்சுக் காட்டுனேன். தலைய ஆட்டிட்டு ரேகை வச்சுது."

அதன் பிறகு கூலி கிடைத்தது. அந்தப் பெண் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவள் ஊர் திரும்பவில்லை. அன்றைக்கு யாரும் ஐயாவை எதுவும் கேட்கவில்லை. தேநீர் வாங்கி வந்தோம்.

தோழர்களே, தன்வரலாற்று நாவலை விவாதிக்கும்போது நாம் வழக்கமாகக் கேட்கிற கேள்வி 'இது உண்மையில் நடந்ததா?' என்பது. இந்தக் கேள்வி நமக்கு நீதிமன்றத்திலிருந்து வந்தது. நம் சொல் எதையும் நம்பாத சமூகம் நம்மிடம் எப்போதும் கேட்பது அதைத்தான். சாட்சி உண்டா, நேரம் என்ன, நேரில் பார்த்தாயா. நாமும் நம் எழுத்தாளர்களிடம் அதையே கேட்கிறோம். காத்தமுத்து நிஜ அப்பாவா, அந்தத் தெரு எந்தத் தெரு, அந்தச் சாமியார் யார். ஆனால் 'நடந்ததை நடந்தபடி' எழுதியதாகச் சொல்லிக்கொள்ளும் நம்முடைய ஆவணங்களை, அதாவது மனுக்களை, எடுத்துப் பாருங்கள். அவற்றிலும் பாதி புனைவு இருக்கிறது. கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. சட்டம், சாதி, மானம், அண்ணன் தம்பிகள் எல்லோரும் சேர்ந்து எழுதவைத்த புனைவு. நாவல் அந்த மனு விட்டுவிட்டதை எடுத்து எழுதுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்காமல் தலித் பெண்களின் வரலாற்றை எழுத முடியாது என்பது எங்கள் கருத்து. சமூகவியல் வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்தது வேறு. இலக்கியம் 'துணைச் சான்று', அரசுப் பதிவு 'முதன்மைச் சான்று' என்றார்கள். ஐயாவின் ரெக்சின் பையைப் பார்த்தவர்களால் அந்த வரிசையை நம்ப முடியாது.

அதற்காக நாவலாசிரியர் சொல்வதெல்லாம் வேதம் என்று ஆகிவிடாது. இதில் சிவகாமி நம்மைவிட முன்னால் போய்விட்டார். முதல் நாவலுக்குச் சில ஆண்டுகள் கழித்து 'பழையன கழிதலும்: ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொரு நாவல் எழுதினார். அதில் முதல் நாவலை எழுதியவரே தன் ஊருக்குத் திரும்பிப் போய், தான் எழுதியதைத் தானே விசாரிக்கிறார். எதைக் கூட்டினேன், எதை விட்டேன், அப்பாவைப் பற்றி எழுதும்போது எதை எழுத மனம் வரவில்லை, ஏன். ஒரு நாவலை அந்த ஊரே கூடி விவாதித்தால் எப்படி இருக்குமோ அதை ஓர் எழுத்தாளரே செய்து காட்டியது போல இருக்கிறது. பின்னால் இரண்டையும் அவரே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2006-இல் ஒரே நூலாகக் கொண்டுவந்தார். இரண்டாவதைப் படிக்காமல் முதலாவதை மட்டும் திட்டுகிறவர்களும் புகழ்கிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள்.

ஐயா இரண்டாவதையும் படித்தார். சமாதானம் ஆகவில்லை. காத்தமுத்துவுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்றுதான் கடைசிவரை சொன்னார். "நாலு மணிக்கு எழுந்து பஸ் புடிச்சு எஸ்பி ஆபீஸ் வாசல்ல நின்னவன் கால்வலி இதுல எங்க இருக்கு?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கும் எங்களிடம் பதில் இல்லை. மனு எழுதிய ஆண்களின் கதையை அவர்களுக்குள்ளிருந்து யாராவது எழுதவேண்டும். அவர் எழுதவில்லை. எழுதச் சொல்லிப் பலமுறை கேட்டோம். "என் சரித்திரம் பூரா அந்தப் பையிலதான் இருக்கு" என்று சொல்லிவிடுவார்.

பை இப்போது படிப்பகத்தில் இருக்கிறது. மனுக்களை ஆண்டுவாரியாகப் பிரித்து அட்டைக் கோப்புகளில் வைத்திருக்கிறோம். ஆய்வு மாணவர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். தருவதற்கு முன்னால் பெண்களின் பெயரையும் ஊரையும் கறுப்பு மையால் மறைக்கும் வேலை நடக்கிறது. இரண்டு பெண் தோழர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து செய்கிறார்கள். எழுதிக்கொடுத்தவர் பெயரையும் மறைக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். ஐயா படுக்கையில் இருந்தபோதே இதைக் கேட்டோம். வேண்டாம் என்றார். ஒவ்வொரு மனுவின் அடியிலும் ரேகைக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்து அப்படியே இருக்கிறது. 1984-ஆம் ஆண்டுக் கோப்பில் அந்த மனுவும் இருக்கிறது. அதன் பின்பக்கம், பிற்காலத்தில் பால்பாயிண்ட் பேனாவில், அவர் கையால் நான்கு வரி எழுதியிருக்கிறார். அந்தப் பெண் சொன்னதை. அதை மறைப்பதா விடுவதா என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.